ஒன்பது புள்ளி ஆறுக்குப் பச்சை

எங்கள் பிரிவு மேலாளர் என் வேலையைத் தன் வேலை என்று அறிவித்துக்கொண்டதை, கேண்டீன் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். கையில் மீ கோரெங் நூடுல்ஸ் தட்டு. தாளின் நடுவில் அவருடைய புகைப்படம், கீழே மலாயில் நாலு வரி. தரப் பரிசோதனைப் பிரிவுக்காக எடை பதியும் கணினி நிரலை அவர் சொந்த முயற்சியில் எழுதியிருக்கிறார், அவருக்கு வாழ்த்துகள். படத்துக்குப் பக்கத்தில் நிரலின் திரையையும் அச்சடித்திருந்தார்கள். எண் அடிக்க மூன்று பெட்டிகள், ஒரு பட்டன். பட்டனுக்கு நான் தேடிப் பிடித்து வைத்த ஊதா நிறம்கூட அப்படியே இருந்தது.

தட்டை மேசையில் வைத்துவிட்டு இன்னொரு முறை படித்தேன். என் பெயர் எங்கும் இல்லை.

மலேசியாவின் சிம்பாங் ரெங்கத்தில் இருக்கும் அந்தத் தொழிற்சாலையில் பிளாஸ்டிக் மூடிகள் செய்கிறார்கள். ஐந்து லிட்டர் சமையல் எண்ணெய் டின்னுக்குப் போடுகிற மூடி. பாலோ என்ற ஊரிலிருந்து கல்யாணமாகி வந்த வருஷமே அங்கே எழுத்தராகச் சேர்ந்தேன். மூடிகளை எடை போடுவது எனக்கு மூத்தவரான ஓர் அக்கா. சர்ச்சுக்குப் போக வேண்டும் என்பதால் ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் என்று யார் கேட்டாலும் முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்லிவிடுவார். அவர் ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் சில மூடிகளை எடுத்துத் தராசில் வைத்து, எடையைத் தாளில் எழுதுவார். பத்து கிராமுக்குக் குறைந்தால் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு அந்தப் பெட்டியை ஒதுக்குவார். குறைந்த எடை என்றால் மூடி மெல்லியது, எண்ணெய் கசியும். சாயங்காலம் அந்தத் தாள்களை எல்லாம் நான் கணினியில் அடிப்பேன். ஒன்று ஏழு மாதிரித் தெரியும், ஏழு ஒன்று மாதிரித் தெரியும். தப்பாக அடித்தால் மேலாளர் எல்லார் முன்னாலும் கத்துவார்.

அதனால்தான் பைத்தான் என்ற நிரல் மொழியைப் படித்தேன். வேறு பெரிய ஆசை ஒன்றும் இல்லை. அக்காவே நேராகக் கணினியில் அடித்துவிட்டால் எனக்குத் திட்டு மிச்சம் என்று நினைத்தேன். இணையத்தில் இலவசப் பாடங்கள் இருந்தன. மதிய இடைவேளையில் கைப்பேசியில் பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு மகளின் பழைய மடிக்கணினியில் எழுதிப் பார்ப்பேன்.

கறுப்புத் திரையில் கேள்வி கேட்டுப் பதில் வாங்குவது எனக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. நிரல் கேட்கும், நாம் அடிக்கும்வரை அந்த வரியிலேயே நிற்கும், அடித்ததும் அடுத்த வரிக்குப் போகும். ஆனால் பெட்டியும் பட்டனும் உள்ள திரையைச் செய்யத் தொடங்கியபோது அது மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் என்னை அழவைத்தது. எடை அடிப்பதற்கு ஒரு பெட்டியை உண்டாக்கினேன். அதற்கு அடுத்த வரியிலேயே பெட்டியில் இருப்பதை எடுத்து வைத்துக்கொள் என்று எழுதினேன். பட்டனைத் தட்டினால் அதைக் கோப்பில் எழுத வேண்டும். எதை அடித்தாலும் கோப்பில் வெறும் இடம்தான் விழுந்தது.

நான் புரிந்துகொள்ளாதது இதுதான். அந்த மாதிரி நிரல் மேலிருந்து கீழே ஓடி முடிந்துவிடுவதில்லை. திரையைக் கட்டி நிறுத்திவிட்டு, யாராவது ஏதாவது செய்யட்டும் என்று காத்துக்கொண்டிருக்கும். நான் எழுதிய அந்த வரி, திரை எழும்புகிற நொடியிலேயே ஓடி முடிந்துவிட்டது. அப்போது பெட்டியில் யாரும் எதையும் அடித்திருக்கவில்லை. காலியைத்தான் அது எடுத்து வைத்திருந்தது. பெட்டியில் இருப்பதைப் படிக்கும் வரியைப் பட்டனோடு கட்டிய செயலுக்குள் போட வேண்டும். தட்டினால்தான் அது ஓடும், தட்டிய நேரத்தில் உள்ளதைத்தான் எடுக்கும். வரியைக் கீழே நகர்த்தியதும் கோப்பில் எடை வந்து உட்கார்ந்தது. அன்றைக்குச் சமையலறையில் தனியாக நின்று கைதட்டிக்கொண்டேன்.

எடை பத்துக்குக் குறைந்தால் சிவப்பு, இல்லையென்றால் பச்சை என்று வண்ணம் வைத்தேன். பட்டனில் சேமி என்பதற்கு ‘சிம்பான்’ என்று மலாயில் எழுதினேன், எல்லாருக்கும் புரியும் என்று. ஒரு திங்கட்கிழமை மேலாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பி, அக்காவின் மேசையில் போட்டுப் பார்க்க அனுமதி கேட்டேன். அவர் பதில் போடவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டில் சும்மா ஒன்பது புள்ளி நாலு என்று அடித்துப் பார்த்தேன். பச்சை வந்தது. இன்னொரு முறை அடித்தேன், மறுபடியும் பச்சை.

பெட்டியில் என்ன அடித்தாலும் பைத்தானுக்கு அது எழுத்துகள்தான். எடை என்றோ எண் என்றோ அதற்குத் தெரியாது. நான் பத்தையும் எழுத்தாகவே வைத்து ஒப்பிட்டிருந்தேன். எழுத்துகளை ஒப்பிடும்போது அது அகராதியில் சொல் தேடுகிற மாதிரி முதல் எழுத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்கும். பத்தின் முதல் எழுத்து 1. ஒன்பது புள்ளி நாலின் முதல் எழுத்து 9. ஒன்றுக்குப் பின்னால்தான் ஒன்பது வரும் என்பதால் அதன் கணக்கில் ஒன்பது புள்ளி நாலு பத்தைவிடப் பெரியது. படித்ததை முதலில் எண்ணாக மாற்ற வேண்டும். அதற்கு ஒரே ஒரு சொல் போதும். எண்ணாக மாறாததை யாராவது அடித்தால் சிவப்பில் எச்சரிக்கை வரும்படியும் எழுதினேன். திருத்தியதைப் பென்டிரைவில் போட்டு, மறுநாள் கொடுக்கலாம் என்று கைப்பையில் வைத்துக்கொண்டேன். அந்த மறுநாள்தான் கேண்டீன் சுவரில் அந்தத் தாள்.

நேராக அவர் அறைக்குப் போனேன்.

“பாஸ், அந்த நோட்டீஸ்ல...”

“பாத்தியா? நல்லா வந்திருக்கு லா. ஜேபி ஆபீஸ்ல எல்லாம் பாராட்டுறாங்க.”

“அது நான் எழுதினது பாஸ்.”

அவர் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நீ எழுதின, சரி. டிப்பார்ட்மென்ட் யாருது? இதெல்லாம் டீம் வொர்க் லா. பேரு கீரெல்லாம் பாக்காத.”

“உங்க பேரு மட்டும் இருக்கே பாஸ்.”

இப்போதுதான் நிமிர்ந்தார். சிரித்தார். “கிளார்க் புரோகிராம் எழுதினான்னு சொன்னா மேல எவன் நம்புவான்? நான் சொன்னதாலதான் எடுத்துக்கிட்டாங்க. நீ எனக்குத் தேங்க்ஸ் சொல்லணும்.”

என் கை பைக்குள் இருந்தது. பென்டிரைவைத் தொட்டுக்கொண்டிருந்தேன். அதை அங்கேயே விட்டுவிட்டுக் கையை மட்டும் வெளியே எடுத்தேன்.

“தேங்க்ஸ் பாஸ்” என்றேன்.

அவரிடம் இருப்பது பழுதான நிரல். அது எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த ஒரு விஷயம் என் உடம்பு முழுக்கச் சூடாக ஓடியது. ஜேபி என்று நாங்கள் சொல்லும் ஜொகூர் பாருவில் தலைமை அலுவலகத்தில் அடுத்த வாரம் அதைக் காட்டப் போகிறார் என்று கேள்விப்பட்டதும் எனக்குச் சாப்பாடு ருசித்தது. பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும்போது பச்சை வரக் கூடாத இடத்தில் பச்சை வரும். யாராவது ஏன் என்று கேட்பார்கள். அவருக்குப் பதில் தெரியாது.

என்னையும் கூட்டிப்போனார். தராசைத் தூக்கிக்கொண்டு வர ஆள் வேண்டுமாம். காரின் பின்சீட்டில் தராசை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாதிரிக்கு ஆறு மூடி எடுத்து வை என்று சொல்லியிருந்தார். நான் ஏழு வைத்தேன். காலையில் இயந்திரம் சூடாகும் முன் வருகிற முதல் மூடிகள் சில நேரம் எடை குறையும். அப்படி ஒன்பதரை கிராம் இருந்த ஒன்றைப் பொறுக்கி எடுத்துப் பையில் மற்றவற்றோடு கலந்துவிட்டிருந்தேன்.

கூட்டத்தில் அவர் பைக்குள் கைவிட்டு ஒவ்வொன்றாக எடுத்தார். பத்து புள்ளி நாலு, பச்சை. பத்து புள்ளி ஏழு, பச்சை. ஆறும் பச்சை. ஏழாவது பையின் அடியிலேயே கிடந்தது. ஒருவர் கேட்டார், எதுவுமே அடிக்காமல் பட்டனைத் தட்டினால் என்ன ஆகும் என்று. மேலாளர் தட்டினார். காலி என்பது எந்த எழுத்துக்கும் முன்னால் வருவது, அதனால் சிவப்பு வந்தது. பார்த்தீர்களா, அதையும் யோசித்து வைத்திருக்கிறேன் என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். தராசைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்த நானும் தட்ட வேண்டியதாகிவிட்டது.

திரும்பி வரும் வழியெல்லாம் அந்த ஏழாவது மூடியைப் பைக்குள் நசுக்கிக்கொண்டே வந்தேன்.

அடுத்த திங்கள் முதல் அக்காவின் மேசையில் அந்த நிரல் ஓடத் தொடங்கியது. தாளும் சிவப்புப் பேனாவும் போய்விட்டன. இரண்டாவது நாளே அக்கா என் மேசைக்கு வந்தார்.

“ஏ புள்ள, காலையில மொதப் பெட்டி ஒம்பது புள்ளி ஆறு. பச்சை காட்டுது. பத்துக்குக் கொறஞ்சா ஆகாதே?”

“பாஸ்கிட்ட கேளுங்கக்கா. அவருதானே எழுதினாரு.”

“கேட்டேன். சிஸ்டம் பச்சைன்னா பச்சைதான், ஒங்க வேலை அடிக்கிறது மட்டும்னு சொல்றாரு.”

“அப்புறம் என்னாக்கா? அவரு சொன்ன மாதிரி செய்ங்க.”

அக்கா போகவில்லை. “நீதான் இதெல்லாம் படிக்கிறியே. நீ சொல்லு.”

“எனக்கு என்னாக்கா தெரியும்? நான் கிளார்க்.”

அந்தப் பதிலைச் சொல்லும்போது எனக்கு இனித்தது. அதை இப்போது எழுதவும் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் இனித்தது என்பதுதான் உண்மை. நான் அக்காவிடம் பேசவில்லை, அக்காவின் தலைக்கு மேலே அந்த அறையில் உட்கார்ந்திருந்தவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். எடை குறைந்த மூடி வெளியே போகட்டும், திரும்பி வரட்டும், அவர் புகைப்படத்தின் மேலேயே வந்து விழட்டும் என்று காத்திருந்தேன். ஒவ்வொரு நாளும் காலையில் முதல் பெட்டிகள் பச்சையாகி லாரியில் ஏறுவதைப் பார்த்தேன்.

பதினோரு நாள் காத்திருந்தேன். பன்னிரண்டாம் நாள் எண்ணெய் நிறுவனத்திலிருந்து லாரி நிறைய டின்கள் திரும்பி வந்தன. மூடியைச் சுற்றி எண்ணெய் வழிந்து, அட்டைப் பெட்டிகள் எல்லாம் ஊறிப்போயிருந்தன. ஏற்றி இறக்குகிற இடம் முழுக்க வழுக்கியது. எனக்குச் சிரிப்பு வந்தது. கழிவறைக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

ஒரு மணி நேரத்தில் மேலாளர் என்னைக் கூப்பிட்டார்.

“ஒரு லெட்டர் அடிக்கணும். வார்னிங் லெட்டர்.”

“யாருக்கு பாஸ்?”

அக்காவின் பெயரைச் சொன்னார். சிவப்பு காட்டியும் கவனிக்காமல் பெட்டிகளை அனுப்பிவிட்டார், பொறுப்பில்லாமல் நடந்துகொண்டார், இதுவே கடைசி எச்சரிக்கை. ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொண்டே போனார். என் விரல்கள் அடித்துக்கொண்டே போயின. இருபத்து மூன்று வருஷம் வேலை செய்தவர் என்பதையும் ஒரு வரியில் சேர்க்கச் சொன்னார், அனுபவம் இருந்தும் தவறு செய்தார் என்று காட்டுவதற்காம். நான் அதையும் அடித்தேன். அச்சடித்து அவர் மேசையில் வைத்தேன்.

அவர் தப்பித்துவிடுவார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் பதினோரு நாள் பொத்தி வைத்திருந்தது அக்காவின் தலையில் விழப் போகிறது.

மூன்று மணிக்குத் தொழிற்சாலைத் தலைவியின் அறையில் கூட்டம். அவர் சீன அம்மா, பேச்சு அதிகமில்லை, எங்களிடம் மலாயில்தான் பேசுவார். மேலாளர் ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம். குறிப்பெடுக்க நான். அக்காவின் முன்னால் அந்தக் கடிதம். அக்கா அதை இரண்டு முறை படித்தார்.

“நான் வந்து சொன்னேன்ல பாஸ், ஒம்பது புள்ளி ஆறுக்குப் பச்சை வருதுன்னு.”

“எப்போ? யாருகிட்ட?” என்றார் மேலாளர். முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை.

நான் குறிப்புப் புத்தகத்தை மூடினேன். “ஒன்று காட்டலாமா மேடம்?” என்று மலாயில் கேட்டேன். பதில் வரும் முன்பே அக்காவின் மேசையிலிருந்து கொண்டுவந்திருந்த மடிக்கணினியை என் பக்கம் திருப்பிக்கொண்டேன். நிரலைத் திறந்து, புரொஜெக்டர் வழியே சுவரில் பெரிதாகத் தெரியும்படி வைத்தேன்.

ஒன்பது புள்ளி ஆறு அடித்தேன். பச்சை. எட்டு அடித்தேன். பச்சை. டுரியான் என்று பழத்தின் பெயரை அடித்தேன். பச்சை.

“மானா போலே?” என்றார் தலைவி. எப்படி முடியும் என்று அவர் கேட்டது என்னையல்ல, சுவரை.

பிறகு எடைப் பெட்டியில் மேலாளரின் பெயரை அடித்தேன். அவர் கையெழுத்துப் போடுகிற மாதிரியே, அப்பா பெயரோடு சேர்த்து முழுப் பெயர். பட்டனைத் தட்டுவதற்கு முன் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கும்வரை தட்டவில்லை. பார்த்ததும் தட்டினேன்.

பச்சை.

“ஏன்னு நீங்களே மேடத்துக்குச் சொல்லுங்க பாஸ். நீங்க எழுதினதுதானே” என்றேன்.

நிரலின் வரிகளைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். மேலே தள்ளினார், கீழே தள்ளினார். காதோரம் சிவந்துவந்தது. “இது... சர்வர் ப்ராப்ளம் போல” என்றார்.

“இதுல சர்வரே இல்ல பாஸ்.”

நான் அவசரப்படவில்லை. அவர் இன்னொரு முறை மேலேயும் கீழேயும் தள்ளட்டும் என்று விட்டேன். வாழ்க்கையில் அவ்வளவு நிதானமாக நான் எதையும் அனுபவித்ததில்லை. தலைவி கையை நீட்டிக் கணினியை என்னிடம் தள்ளச் சொன்ன பிறகுதான் அந்த வரியைக் காட்டினேன். பெட்டியில் இருப்பதை எழுத்தாகப் படிக்கிறது, எண்ணாக மாற்றவில்லை என்றேன். அந்த ஒரு சொல்லைச் சேர்த்தேன். ஒன்பது புள்ளி ஆறு, சிவப்பு. அவர் பெயரை மறுபடி அடிக்கவும் மறக்கவில்லை. இந்த முறை நிரல் அதை ஏற்கவே இல்லை.

பிறகு பதிவுக் கோப்பைத் திறந்தேன். பதினோரு நாளும் அக்கா அடித்த எடைகள் ஒன்றுவிடாமல் அதில் இருந்தன. ஒன்பது புள்ளி ஆறு, பக்கத்தில் சரி. ஒன்பது புள்ளி மூன்று, பக்கத்தில் சரி. அக்கா ஒரு எண்ணைக்கூட மாற்றி அடிக்கவில்லை. மேலாளர் அந்தக் கோப்பை ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை.

தலைவி அந்தக் கடிதத்தை எடுத்து நாலாக மடித்தார். “இந்த நிரலை உண்மையில் எழுதியது யார்?” என்று கேட்டார்.

“நான்தான்.” நிரலை மேலாளருக்கு அனுப்பிய மின்னஞ்சலையும் திறந்து காட்டினேன்.

“இந்தக் கோளாறு உனக்கு எப்போது தெரியும்?”

“இன்றைக்குத்தான் மேடம். டின்கள் திரும்பி வந்த பிறகு யோசித்துப் பார்த்தேன்.”

பொய் தடுக்காமல் வந்தது. அக்கா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். வாயைத் திறப்பார் என்று நினைத்தேன். மேசை மேல் இருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் நடையில் என்னை நிறுத்தினார்.

“எத்தன நாளா தெரியும் ஒனக்கு?”

“மொத நாள்லேந்து.”

“நான் வந்து கேட்டப்பவும் தெரியும்.”

“தெரியும்க்கா. அவன் எனக்குச் செஞ்சதுக்கு...”

“அவன் செஞ்சான். நான் என்னா செஞ்சேன் ஒனக்கு?” குரல் உயரவில்லை. “ஒத்த நிமிஷத்துல சரி பண்ணிட்ட. ஒத்த நிமிஷம். அந்த லெட்டரயும் நீதான் அடிச்ச, இல்ல?”

நான் தலையாட்டினேன்.

“நல்லா சுத்தமா அடிச்சிருந்த” என்று சொல்லிவிட்டு எடை மேசைக்குப் போனார்.

மேலாளரைக் கிடங்குக்கு மாற்றினார்கள். கேண்டீன் சுவரில் இருந்த தாளைக் கிழிக்க யாரும் சொல்லவில்லை, நானே போய்க் கிழித்தேன். முகம் இருந்த இடத்தில் நகத்தை வைத்துத்தான் தொடங்கினேன். நிரல் இப்போது என் பொறுப்பு. எனக்குத் தனி அறை, கதவில் என் பதவி. தலைமை அலுவலகத்தில் போய் அதை விளக்கியும் வந்தேன். தராசை வேறொருவர் தூக்கிக்கொண்டு வந்தார், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அக்கா இன்னும் எடை போடுகிறார். புள்ளிக்குப் பதில் கை தவறிக் காற்புள்ளி விழுந்துவிட்டால் சிவப்பு எச்சரிக்கை வரும், அப்போது என்னைக் கூப்பிடுவார். “மேடம், கொஞ்சம் வாங்க.” முதல் முறை அப்படிக் கூப்பிட்டபோது, “அக்கா, அப்படிக் கூப்பிடாதீங்க” என்றேன். “வேற எப்படிக் கூப்பிடுறது?” என்று கேட்டார், கோபமே இல்லாமல். நான் காற்புள்ளியை அழித்துப் புள்ளி வைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். நாங்கள் ஒன்றாகச் சாப்பிடுவதில்லை. கிறிஸ்மஸுக்கு அவர் எல்லாருக்கும் கொண்டுவரும் முறுக்கு எனக்கும் ஒரு பொட்டலம் வந்தது, வேறு யார் கையிலோ கொடுத்தனுப்பியிருந்தார். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

மேலாளருக்குச் செய்ததில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. போன மாதம் தபால் நிலையத்தின் கண்ணாடிக் கதவு வழியே அவரைப் பார்த்தேன். வரிசையில் மூன்றாவதாக நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சுவரில் இருந்த அறிவிப்பைப் படிக்கத் தொடங்கினார். நான் உள்ளே போய், அந்த அறிவிப்புக்குப் பக்கத்திலேயே, அவர் கண்ணில் படாமல் இருக்க முடியாத இடமாகப் பார்த்து நின்றேன். அவர் முறை வருவதற்கு முன்பே கடித உறையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்கு அன்றைக்குத் தபால் நிலையத்தில் எந்த வேலையும் இல்லை.